குழந்தைவேல் காரணி

முன் சீட்டிலேயே உட்காருங்கள் சார். பின்னால் உட்கார்ந்தால் இந்த வண்டி உங்கள் முதுகெலும்பைச் சோதித்துப் பார்த்துவிடும். அப்புறம் அதற்கும் நான்தான் ரீடிங் எழுத வேண்டும்.

பெட்டி ஒன்றுதானே? சரி. அந்தத் துணிப்பை என்னுடையது. காலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். டிபன் பாக்ஸும் கொஞ்சம் பழைய காகிதமும்தான். முக்கியமாக ஒன்றுமில்லை.

டிரைவருக்கு மச்சினி கல்யாணம், அதனால் என்னை அனுப்பினார்கள். என் பெயர் மாரப்பன். மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டில் லேப் டெக்னீஷியன். பொருளை இழுத்தும் நசுக்கியும் முறுக்கியும் பார்க்கிற லேப். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. இந்த மாசக் கடைசியோடு ரிட்டயர். எங்கள் ஹெச்.ஓ.டி. டாக்டர் குழந்தைவேல் புறப்படும்போதே சொல்லி அனுப்பினார்: "மாரப்பா, வர்றவரு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். பெரிய ஆளு. வழியெல்லாம் தொணதொணன்னு பேசி வெக்காதே."

நான் என்னத்தைப் பேசப்போகிறேன்? ஈரோட்டிலிருந்து காலேஜுக்கு முக்கால் மணி நேரம். வாயை மூடிக்கொண்டு வந்தால் தூக்கம் வரும். ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வருவது உட்கார்ந்திருப்பவருக்கு நல்லதில்லை. அதனால் பொதுவாக நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு நீங்கள் வைவா நடத்தப்போகிற பெண், பிரிசில்லா. நாகர்கோவில் பக்கம். ரொம்ப நல்ல பெண் சார். அஞ்சு வருஷமாக என் லேபில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றவள். இன்று உங்கள் முன்னால் ஏதாவது ஏறுக்குமாறாகப் பேசினால், நீங்கள் பெரிய மனசு பண்ணி விட்டுவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

என்ன பேசுவாள் என்று கேட்கிறீர்களா? அதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

மஞ்சள் கோடு என்றேன் அல்லவா? எங்கள் இழுவை மெஷினை நான் மட்டும்தான் தொடலாம். முன்பு ஒரு லெக்சரர் குனிந்து பார்க்கிறேன் என்று கழுத்து டையை உள்ளே விட்டுவிட்டார். டை இரண்டு துண்டு. லெக்சரர் முழுசாகக் கிடைத்தார், அது எங்கள் துரதிர்ஷ்டம். அன்றைக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். டாக்டர் பட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கோட்டுக்கு அந்தப்பக்கம். மாரப்பன் மட்டும் இந்தப்பக்கம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பொருளை நீளத்தில் இழுத்தால் அகலத்தில் ஒடுங்கும். ரப்பர் பேண்டை இழுத்தால் மெலிகிறதே, அது மாதிரி. எவ்வளவு ஒடுங்கும் என்பதற்குப் பாய்சான் விகிதம் என்று ஒரு கணக்கு. இரும்புக்கு 0.3. நான் சேர்ந்த அன்று 0.3, இன்றைக்கும் 0.3. பிள்ளைகள் ரீடிங் எடுத்தால் 0.21 வரும், 0.44 வரும். ஒரு தடவை ஒரு பேட்சுக்கு 1.7 வந்தது. அது இரும்பா இட்லியா என்று கேட்டேன். "கண்ணு, முதல்ல விடையை எழுது. அதுக்கு மேல ரீடிங்கை எழுதிக்கிட்டே போ" என்று சொல்லிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் என் லேபிலிருந்து ஒரு தப்பான ரெக்கார்டு நோட்டு வெளியே போனதில்லை. அங்கீகாரக் கமிட்டி வந்தபோது அதில் ஒரு பெரியவர் அசந்துபோனார். "இத்தனை வருஷத்துல ஒரு ரீடிங்கூடப் பிசகலையே!" என்றார். ஹெச்.ஓ.டி. என் தோளைத் தட்டினார். அவர் என் தோளைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

பிரிசில்லா எடுத்துக்கொண்ட விஷயம்தான் வில்லங்கமானது. ஆக்செட்டிக் என்றாள். இழுத்தால் ஒடுங்காதாம், விரியுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாளே ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். ரப்பர் மாதிரி ஒன்றில் அச்சிட்ட வலை. ஒவ்வொரு கண்ணும் உடுக்கை வடிவம், நடுவில் இடுப்பு ஒடுங்கி. உடுக்கை உடுக்கையாக ஒட்டி அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

"அண்ணே, மேலயும் கீழயும் பிடிச்சு இழுத்தா இந்த இடுப்பு நிமிரும். எல்லா இடுப்பும் நிமிந்தா மொத்த வலையும் அகலமாவும். பாக்கீங்களா?" என்றாள்.

"உடுக்கை பூசாரி கையில இருக்க வேண்டியது கண்ணு. இங்க எதுக்கு?" என்றேன்.

அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

கம்ப்யூட்டரில் ஒரு மாடல் போட்டாள். அந்த வலையை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும் என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து, பிறகு சேர்த்துப் பார்ப்பது. ஒரு கணக்கு முடிய ஒன்றரை நாள் ஓடும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்து, தான் வேர்வையில் உட்கார்ந்திருப்பாள். மாடலில் வந்த விடை மைனஸ் 0.79. மைனஸ் என்றால் விரிகிறது என்று அர்த்தம். இனி மெஷினில் இழுத்துப் பார்த்து அதே விடை வந்தால் வேலை முடிந்தது.

மெஷினில் இழுத்தது நான்.

முப்பத்தாறு துண்டு சார். நான் உள்ளே நின்று வெர்னியர் வைத்து அகலத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் கோட்டுக்குப் பின்னால் நின்று எழுத வேண்டும். இரண்டு மில்லி மூன்று மில்லி வித்தியாசம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மெஷின் காட்டுவதை முதலில் பென்சிலில் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில். முன்னால் ராகு காலம், பின்னால் ரீடிங். அந்தத் தாளை எறியவும் மாட்டேன். சுத்தமான வேலை என்றால் அப்படித்தான்.

முதல் துண்டு. நீளம் 100 மில்லி, அகலம் 60. ஒரு மில்லி இழுத்தேன், 60.5. இரண்டு மில்லி, 60.9. அஞ்சு மில்லி இழுத்தபோது 62.4 காட்டியது.

கண்ணால் பார்த்தேன் சார். இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தேன். 62.4 தான். அதற்காக அதைச் சொல்லிவிடுவதா? ஒரு பொருளை இழுத்தால் அது ஒடுங்கும் என்று முப்பத்தொரு வருஷமாகச் சொன்னவன், ஒரு ரப்பர் வலை சொல்கிறது என்று மாற்றிச் சொல்வதா? பிடி நழுவியிருக்கும். வெர்னியர் அழுத்தியிருக்கும். பெண்ணுக்குப் படிப்பு கெட்டுப்போகக் கூடாதே என்று 0.3-க்குத் தகுந்த மாதிரி மனசுக்குள் கணக்குப் போட்டு, "59.1" என்றேன்.

"அண்ணே, அகலம் கூடலியா?"

"குறையுது கண்ணு. எழுதிக்கோ."

முப்பத்தாறு துண்டுக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றும் 0.3 பக்கத்தில். அதிலும் 0.29, 0.31 என்று கொஞ்சம் முன்னே பின்னே வைப்பேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அனுபவம்.

அவள் ஹெச்.ஓ.டி.யிடம் போய் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன், பில்லில் கையெழுத்து வாங்க. "சார், நான் கையால இழுத்தா விரியுது. மெஷின்ல குறையுதுன்னு வருது" என்று அவர் மேஜையிலேயே ஒரு துண்டை வைத்து இழுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "கையால இழுக்கறதெல்லாம் பரிசோதனை இல்லைம்மா. பரோட்டா மாவைக்கூடத்தான் கையால இழுக்கறான். மெஷின் என்ன சொல்லுதோ அதுதான் சயின்ஸ்" என்றார். அவர் சொன்னதும் எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. மெஷின் என்றால் நான்தானே.

பாருங்கள், எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். என் சம்சாரம் கண்ணாத்தாளுக்கு ரத்தக் கொதிப்பு. காலையும் சாயங்காலமும் பார்த்து எழுதி வரச் சொன்னார் டாக்டர். மெஷின் வாங்கினேன். நான் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் மதியம் லேபில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நோட்டில் ஏற்றுவேன். கிராஃப் ஷீட்டும் உண்டு. அந்த மெஷின் சில நாள் தாறுமாறாகக் காட்டும். காலையில் 140 இருந்தவளுக்குச் சாயங்காலம் எப்படி சார் 190 வரும்? கையை நேராக வைத்திருக்க மாட்டாள். அதை அப்படியே எழுதினால் கோடு மலை மாதிரி ஏறிவிடும். 140 என்று எழுதுவேன். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீரான சார்ட் நான் பார்த்ததே இல்லைங்க. இதே மாத்திரை போதும்" என்றார். கண்ணாத்தாள் வெளியே வந்ததும் சொன்னாள்: "நீங்க பாத்ததை எழுதறதில்லீங்க. எழுதறதுக்குத் தகுந்த மாதிரிதான் பாக்கறீங்க." அவளுக்கு வாய் ஜாஸ்தி. போய் நாலு வருஷம் ஆகிறது. ஆடி மாசம். திடீரென்று. தலையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யாருக்கும் முன்கூட்டியே தெரியாத வியாதி சார் அது.

எங்கே விட்டேன்? ஆமாம், ஹெச்.ஓ.டி.

மாடலில் மைனஸ் 0.79. பரிசோதனையில் பிளஸ் 0.3. நடுவில் ஒன்றுக்கு மேலே ஒரு பள்ளம். வேறு யாராக இருந்தாலும் லேபுக்கு வந்து எட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஹெச்.ஓ.டி. அப்படியெல்லாம் கீழே இறங்குகிறவர் இல்லை. அவர் அறை இரண்டாவது மாடி, ஏசி. அந்தப் பள்ளத்துக்கு ஒரு பெயர் வைத்தார். குழந்தைவேல் காரணி! நீங்கள் படித்திருப்பீர்கள், தீசிஸில் நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான். வலையின் மூட்டுகளில் உராய்வு இருக்கிறதாம், அந்த உராய்வுதான் விரிய விடாமல் பிடித்து இழுக்கிறதாம்.

சார், நான் பத்தாவது படித்து ஐ.டி.ஐ. முடித்தவன். எனக்கே தெரியும், அந்த வலையில் மூட்டே கிடையாது. ஒரே அச்சு. உரசுவதற்கு அங்கே இரண்டு பொருள் வேண்டாமா? இட்லித் தட்டில் குழிக்கும் குழிக்கும் சண்டை என்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கு, சால்வை, தாம்பூலப் பை. காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது, போகும்போது காட்டுகிறேன். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, பின்னால் உடுக்கை உடுக்கையாக. குறி சொல்ல வந்தவர் மாதிரி இருக்கும்.

அந்தப் பெண்தான் சிரிப்பதை விட்டுவிட்டாள். சரியாக வந்த மாடலை இரண்டு வருஷம் உட்கார்ந்து கோணலாக்கினாள். அந்தக் காரணியை உள்ளே நுழைத்து, 0.3 வருகிற வரைக்கும் வளைத்து. ஒவ்வொரு கணக்குக்கும் ஒன்றரை நாள். வீட்டில் பார்த்து வைத்த மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இப்போது குழந்தைக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

தீசிஸ் கொடுத்த பிறகு, மூன்று வாரம் முன்னால் லேபுக்கு வந்தாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிட்டாள். டீ டம்ளரை நகர்த்தி இடம் விட்டேன், எனக்கே ஆச்சரியம். கிராஃப் பேப்பரை மேஜையில் விரித்து, அதன் மேல் ஒரு துண்டை வைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணே, கட்டத்தை எண்ணுங்க."

எண்ணினேன். கூடித்தான் இருந்தது.

"மெஷின்ல நீங்க என்ன பாத்தீங்க?"

"சொன்னதைத்தான் பாத்தேன் கண்ணு."

"ரஃபா காலண்டர் தாள்ல குறிப்பீங்களே. அது இருக்கா?"

"அதையெல்லாம் எப்பவோ எரிச்சாச்சு."

கிராஃப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அது என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

பொய்தான் சார். எரிக்கவில்லை. அவள் போனதும் டிராயரைக் கவிழ்த்து, கிளிப்போடு எல்லாத் தாளையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? முப்பத்தாறோடு நிற்குமா? முப்பத்தொரு வருஷ ரெக்கார்டையும் தோண்டுவார்கள். இந்த மாசக் கடைசியில் எனக்கு ஒரு விழா வைத்திருக்கிறார்கள். 'தவறே இல்லாத மாரப்பன்' என்று ஹெச்.ஓ.டி. பேசப்போகிறார். எழுதிக் கொடுத்தது நான்தான், ஆனால் பேசப்போவது அவர்.

நேற்று அவளை ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு மிரட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. "நாளைக்கு அவரு முன்னால விரியுது கிரியுதுன்னு வாயைத் திறந்தே, பட்டம் கெடையாது. ஊருக்குப் போய் டியூஷன் எடு." அவள் மெதுவாகத்தான் பதில் சொன்னாள்: "சொல்லத்தான் போறேன் சார். கையில ஆதாரம் இல்ல, அவ்வளவுதான்." அதற்குத்தான் சார் உங்களிடம் முன்கூட்டியே சொல்கிறேன். சின்னப் பெண். இன்று உங்கள் முன்னால் அப்படிப் பேசினால், ஆதாரம் இல்லாமல் உளறுகிறாள் என்று ஃபெயில் ஆக்கிவிடாதீர்கள்.

அடடா, கேட் போட்டுவிட்டான். இந்த கேட்டில் மாட்டினால் பத்து நிமிஷம். கூட்ஸ் வண்டியாக இருந்தால் கால் மணி. ஜன்னலை இறக்கிக்கொள்ளுங்கள், காற்று வரும்.

என்ன சார்? எந்தத் தாள்?

நான் எப்போது சொன்னேன், பையில் இருக்கிறது என்று? ... ஆமாம், சொன்னேன். இப்போதுதான் சொன்னேன், இல்லையா? அது சும்மா பென்சில் கிறுக்கல் சார். நீங்கள் பார்க்கிற மாதிரி இருக்காது. ஒன்று செய்யுங்கள், நோட்டில் ஏற்றியதைக் காலேஜில் காட்டுகிறேன். அது பார்க்க அச்சு மாதிரி இருக்கும்.

இல்லை, காட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் பெரியவர். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சரி, பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள். என் கையெழுத்தாவது நன்றாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில், கறுப்புக் கிளிப் போட்டிருக்கும்.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? தேதி எல்லாத் தாளிலும் இருக்கும், காலண்டர்தானே. அந்தப்பக்கம் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் யாருக்கு என்றெல்லாம். இந்தப்பக்கம் 60, 60.5, 60.9, 61.4. ஓரத்தில் என்ன கணக்குப் போடுகிறீர்கள்? மைனஸ் 0.8 வருகிறதா? இதிலும் மைனஸ் 0.8. இதிலும்.

அவள் மாடலில் மைனஸ் 0.79 தானே போட்டிருந்தாள். முதல் அத்தியாயத்திலேயே.

அப்படியானால் குழந்தைவேல் காரணி என்று நாலாவது அத்தியாயம் முழுக்க இருப்பது... நானா சார்? பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டார்களா?

சிரிக்காதீர்கள் சார். அதை ஏன் உங்கள் ஃபைலில் வைக்கிறீர்கள்? பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றீர்களே. சரி, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

இருங்கள். அந்தக் கடைசித் தாளைக் காட்டுங்கள். அது லேப் தாள் இல்லை. இரண்டு இரண்டு எண்ணாக இருக்கிறதே, அதுதான். கொடுங்கள் இங்கே. டிராயரைக் கவிழ்க்கும்போது இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது.

ஆடி பதினாலு. காலை 178, 104. சாயங்காலம் 194, 112.

என் பென்சில்தான். மறுநாள் மதியம் லேபில் உட்கார்ந்து ஏற்றியிருப்பேன். நோட்டில் அன்றைக்கு என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லுவேன். 140, 90. இரண்டு வேளையும். அதற்கு அப்புறம் நோட்டில் ஒன்றும் இருக்காது.

கையை நேராகத்தான் வைத்திருந்தாள் சார். தலைகாணி மேல் வைத்துக்கொண்டு, "பாருங்க, ஆடாம வெச்சிருக்கறேன்" என்றாள்.

மற்றதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பாருங்கள், முப்பத்தாறும் இருக்கும். அந்தப் பெண் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஹெச்.ஓ.டி. கேட்டால், மாரப்பன்தான் வழியெல்லாம் தொணதொணத்தான் என்று சொல்லுங்கள். இது ஒன்று மட்டும் எனக்கு வேண்டும்.

கேட் திறந்துவிட்டதா? பின்னால் ஹாரன் அடிக்கிறான், கேட்கிறது. போகலாம் சார். ஒரு நிமிஷம் இருங்கள். போகலாம்.